ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் ரெஃபரன்ஸ் எல்லாத்தையும் ஒரே எடத்துல அடுக்கணும், எதை வெச்சு பிரிக்கிறது?

வேளச்சேரி_வாசு:

வணக்கம் மக்களே, கொஞ்சம் நீளமான கேள்வி, பொறுமையா படிச்சு யாராவது வழி சொல்லுங்க.

சென்னைல ஒரு நடுத்தர சைஸ் கம்பெனில பி.எம்.ஓ (கம்பெனி ப்ராஜெக்ட் எல்லாத்துக்கும் பொதுவா விதி, ஃபாரம், ரிப்போர்ட் பாக்கற ஆபீஸ்) டீம்ல சேர்ந்து நாலு மாசம் ஆகுது. டீம்னா நானும் என் மேனேஜரும் மட்டும் தான். கம்பெனில பாதி பேர் சாஃப்ட்வேர், மீதி பாதி ஃபேக்டரிக்கு கன்ட்ரோல் பேனல் செஞ்சு சைட்டுக்கு கொண்டு போய் மாட்டி ஓட விட்டு குடுக்கற வேலை. அதனால மேல் மாடில ஸ்க்ரம் (வேலைய சின்ன சின்ன சுத்தா பிரிச்சு செய்யற முறை), ஸ்டாண்ட்-அப் (தினம் நின்னுக்கிட்டே பேசற மீட்டிங்), போர்டு முழுக்க மஞ்ச சீட்டு, கீழ் மாடில எம்.எஸ். ப்ராஜெக்ட், பார் சார்ட், எந்த தேதிக்கு டிஸ்பாட்ச்னு ஒரே சத்தம். இது பத்தாதுன்னு ஒரு யு.கே. க்ளையன்ட் வேற இருக்காங்க, அவங்களுக்கு போற ரிப்போர்ட் எல்லாம் பிரின்ஸ்2ங்கற பிரிட்டிஷ் ப்ராஜெக்ட் முறையோட பேர்ல தான் போகணும்.

மேனேஜர் குடுத்த வேலை ஒரே வரி. ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் சம்பந்தமா நம்மகிட்ட இருக்கறது எல்லாத்தையும் ஒரே எடத்துல கொண்டு வா, யார் என்ன கேட்டாலும் அங்க போய் பாருன்னு சொல்லிடலாம். கேக்கறப்ப சுலபமா தான் இருந்துச்சு, ஷேர் ட்ரைவ தொறந்து பாத்தா 612 ஃபைல். டெம்ப்ளேட்ஸ்னு ஒரு ஃபோல்டர், டெம்ப்ளேட்ஸ் நியூனு ஒண்ணு, டெம்ப்ளேட்ஸ் நியூ ஃபைனல்னு ஒண்ணு, அப்புறம் வேலைய விட்டு போன ஒருத்தரோட 'பேக்கப் தொடாதே'ன்னு ஒண்ணு. ரிஸ்க் ரெஜிஸ்டர் (என்னென்ன தப்பா போகலாம்னு எழுதி வெக்கற பட்டியல்) மட்டும் ஒன்பது எடத்துல கெடக்கு, ஒன்பதுலயும் காலம் (நெடுவரிசை) தலைப்பு வேற வேற.

மொதல்ல முறை வாரியா ஃபோல்டர் போட்டேன், பிம்பாக் (பி.எம்.ஐங்கற அமெரிக்க சங்கம் போடற ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் கைடு), பிரின்ஸ்2, ஸ்க்ரம், கான்பான் (போர்டுல சீட்டு நகத்தி வேலைய பாக்கறது), சி.பி.எம். (எந்த வேலை வரிசை மொத்த நாளையும் முடிவு பண்ணுதுன்னு பாக்கறது)னு. ரெண்டாவது நாளே மாட்டிக்கிட்டேன், ஏன்னா அந்த ரிஸ்க் ரெஜிஸ்டர எதுல போடறது? பிம்பாக்லயும் ரிஸ்க் இருக்கு, பிரின்ஸ்2லயும் இருக்கு, கீழ் மாடிக்காரங்க எந்த முறையும் சொல்லாமலே அத யூஸ் பண்றாங்க. மூணுலயும் காப்பி போட்டா மூணு வெர்ஷன் ஆயிடுது, ஷார்ட்கட் போட்டா யாரோ ஒருத்தர் ஃபைல நகத்தினதும் செத்துடுது. சரி, ஆரம்பம், ப்ளானிங், செயல்படுத்தறது, முடிக்கிறதுன்னு கட்டம் வாரியா போடலாம்னு மாத்தினேன், மேல் மாடில எங்களுக்கு அப்படி கட்டமே இல்லையேன்னு சிரிக்கறாங்க.

போன வாரம் ஒரு கூத்து. மீட்டிங் ரூம் சுவத்துல லேமினேட் பண்ணின பெரிய சார்ட் ஒண்ணு இருக்கு, 42 ப்ராசஸ்னு கட்டம் கட்டமா. புதுசா சேர்ந்த பொண்ணு பி.எம்.பி-ங்கற பி.எம்.ஐ பரீட்சைக்கு படிக்கிறாங்க, இது தப்பு, 49னாங்க. சீனியர் ஒருத்தர் நான் எழுதினப்ப 47னார். இன்னொருத்தன் ஃபோன்ல பாத்துட்டு, ஏழாவது எடிஷன்ல ப்ராசஸ் லிஸ்ட்டே கெடையாதுன்னான். இருபது நிமிஷம் ஓடிச்சு. கூடினது என்னமோ பேனல் டெலிவரி ஏன் லேட்டுன்னு பேச.

எதை வெச்சு பிரிக்கறது, பழைய எடிஷனை எல்லாம் தூக்கி போட்டுடலாமா, ஷேர்பாயின்ட் (ஃபைல் வெக்கற டூல்), கான்ஃப்ளூயன்ஸ் (பக்கம் எழுதற டூல்) ரெண்டுமே இருக்கு எதுல வெக்கறது? இந்த மாதிரி செஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

பழைய_பி.எம்.ஓ:

தம்பி, அந்த ரூம்ல பேசின மூணு பேர் சொன்ன எண்ணும் சரி, சுவத்து சார்ட்டும் சரி தான், வம்பே அதான். பிம்பாக் நாலாவது எடிஷன், 2008ல வந்தது, அதுல 42. 2013ல வந்த அஞ்சாவதுல 47, 2017ல வந்த ஆறாவதுல 49. 2021ல ஏழாவது வந்தப்ப அந்த ப்ராசஸ் அட்டவணையையே புத்தகத்துலேருந்து எடுத்துட்டு 12 கொள்கை, 8 பெர்ஃபார்மன்ஸ் டொமைன்னு மாத்திட்டாங்க, ப்ராசஸ் க்ரூப்புக்கு தனியா ஒரு கைடு போட்டாங்க. உங்க சுவத்துல இருக்கறது 2008 சரக்கு, அவ்வளவு தான்.

எண்ணிக்கை மட்டும் மாறியிருந்தா கூட பரவாயில்ல, பேரும் மாறியிருக்கு. அஞ்சாவது வரைக்கும் டைம் மேனேஜ்மென்ட்னு இருந்தது ஆறாவதுல ஷெட்யூல் மேனேஜ்மென்ட் ஆயிடுச்சு, ஹியூமன் ரிசோர்ஸ்ங்கறது வெறும் ரிசோர்ஸ் ஆயிடுச்சு. ஸ்டேக்ஹோல்டர் (ப்ராஜெக்ட்ல சம்பந்தப்பட்டவங்க) அஞ்சாவதுல தான் தனி அத்தியாயமா வந்துச்சு, அதுக்கு முன்னாடி கம்யூனிகேஷனுக்குள்ள இருந்தது. ஒருத்தன் பழைய பேர போட்டு தேடினா புது ஃபைல் கெடைக்காது, புது பேர போட்டா பழசு கெடைக்காது, ரெண்டு பேரும் நம்மகிட்ட இது இல்லன்னு புதுசா ஒண்ணு செஞ்சு வெப்பாங்க. உங்க ஒன்பது ரிஸ்க் ரெஜிஸ்டர்ல நாலாவது இப்படி பொறந்ததா தான் இருக்கும். பிரின்ஸ்2லயும் இதே கதை, 2023 எடிஷன்ல தீம்ஸ்ங்கற வார்த்தைய ப்ராக்டிசஸ்னு மாத்திட்டாங்க, அந்த யு.கே. க்ளையன்ட் எந்த எடிஷன் பேர்ல கேக்கறாங்கன்னு மொதல்ல கேட்டு வெச்சுக்கோங்க.

அதனால என்னோட மொத விதி, எந்த பக்கமா இருந்தாலும் மேல எடிஷனும் வருஷமும் போடணும். பழச தூக்கி போடாதீங்க. அஞ்சு வருஷம் முன்னாடி கையெழுத்தான ப்ளான்ல அந்த எடிஷன் வார்த்தை தான் இருக்கும், நாளைக்கு க்ளையன்டோட தகராறு வந்தா அது வேணும். ஆனா தேடினா மொதல்ல வந்து நிக்காத மாதிரி தனி அலமாரில வையுங்க.

இன்னொண்ணு, இத யாரும் சொல்ல மாட்டாங்க. 612 ஃபைல்ல மூணு ஜாதி கலந்து கெடக்கும். புத்தகம் சொல்றது ஒண்ணு, எடுத்து நெரப்பற ஃபாரம் ஒண்ணு, நம்ம கம்பெனி போட்ட விதி ஒண்ணு. மொத வேலையா இந்த மூணையும் பிரிங்க, முறை வாரியா பிரிக்கறதெல்லாம் அப்புறம். நான் இருந்த ஒரு எடத்துல, அஞ்சு லட்சத்துக்கு மேல மாத்தம் வந்தா டைரக்டர் கையெழுத்து வேணும்னு ஒரு விதி இருந்துச்சு, அத யாரோ பிம்பாக் ஸ்லைடுக்குள்ள எழுதி வெச்சுட்டாங்க. மூணு வருஷம் கழிச்சு வந்த பசங்க அத சர்வதேச ஸ்டாண்டர்டுன்னு நெனச்சுக்கிட்டு, டைரக்டரே மாத்தலாம்னு சொன்னப்ப கூட, இல்ல சார் பி.எம்.ஐ அனுமதிக்காதுன்னு சொன்னாங்க. சத்தியமா நடந்துச்சு.

மஸ்கட்_ப்ளானர்:

நான் கட்டுமான சைடு, ப்ளானிங் இன்ஜினியரா 17 வருஷம், ஊர்ல இருந்தப்ப சி.பி.டபிள்யூ.டி (மத்திய பொதுப்பணித் துறை) கான்ட்ராக்ட் வேலை, இப்ப வளைகுடா. ஃபோல்டர் பத்தி எனக்கு பெரிய கருத்து இல்ல, ஆனா நீங்க போட வேண்டிய மொத பக்கம் எதுன்னு சொல்றேன். ஒரே பொருளுக்கு யார் யார் என்ன பேர் வெச்சிருக்காங்கன்னு ஒரு பட்டியல். அத போட்டுட்டீங்கன்னா பாதி சண்ட தீந்துடும்.

உதாரணம் சொல்றேன். வேலை நின்னு போச்சு, காரணம் ட்ராயிங் வரல. எங்க ஊர் அரசாங்க வேலைல இத ஹின்ட்ரன்ஸ் ரெஜிஸ்டர்ல எழுதணும், என்னிக்கு தடை ஆரம்பம், என்னிக்கு நீங்கிச்சு, எத்தன நாள், ரெண்டு தரப்பும் கையெழுத்து. அந்த கையெழுத்து இல்லன்னா கடைசில டைம் எக்ஸ்டென்ஷன் கேக்க வாய் இருக்காது. பிரின்ஸ்2காரங்க இதயே இஷ்யூ ரெஜிஸ்டர்ம்பாங்க, ஸ்க்ரம்காரங்க இம்பெடிமென்ட்ம்பாங்க. மூணும் அப்படியே ஒண்ணு கெடையாது, பாத்துக்கோங்க. ஹின்ட்ரன்ஸ்ல தேதியும் கையெழுத்தும் தான் உசுரு, பின்னாடி காசு இருக்கு. இம்பெடிமென்ட்ட சீக்கிரம் நகத்தி விட்டா போதும், யாரும் கையெழுத்து கேக்க மாட்டாங்க. பிரின்ஸ்2ல க்ளையன்ட் புதுசா ஒண்ண மாத்த சொல்லி கேட்டா அதுவும் இஷ்யூ தான். பட்டியல்ல வெறும் ஈக்வல்டு போடாம பக்கத்துலயே எங்க வித்தியாசம்னு ஒரு வரி எழுதுங்க, அந்த ஒரு வரி தான் வேலைக்கு ஆகும்.

எர்ண்ட் வேல்யூவும் (முடிஞ்ச வேலைய காசு மதிப்புல அளக்கறது) அப்படித்தான். புது ஆளுங்க பி.வி, ஈ.வி, ஏ.சி.ம்பாங்க. பழைய ஆளுங்களும் எம்.எஸ். ப்ராஜெக்ட் காலம் தலைப்பும் பி.சி.டபிள்யூ.எஸ், பி.சி.டபிள்யூ.பி, ஏ.சி.டபிள்யூ.பி.ம்பாங்க. ரெண்டும் ஒண்ணு தான். உங்க கீழ் மாடி கணக்குலயே சொல்றேன். மொத்த பேனல் வேலை 40 லட்சம். இன்னிக்கு தேதிக்கு 20 லட்சத்துக்கு வேலை முடிஞ்சிருக்கணும், அது பி.வி. முடிஞ்சது 16 லட்சம் மதிப்புக்கு, அது ஈ.வி. செலவான காசு 18 லட்சம், அது ஏ.சி. பதினாற இருபதால வகுத்தா 0.8, ஷெட்யூல்ல பின்தங்கி இருக்கீங்க. பதினாற பதினெட்டால வகுத்தா 0.89, ஒரு ரூவா செலவு பண்ணி 89 பைசா வேலை தான் வாங்கறீங்க. இதே வேகத்துல போனா 40 லட்சம் வேலை 45 லட்சத்துல வந்து நிக்கும். இப்படி ஒரே ஒரு உதாரணம் நம்ம கம்பெனி கணக்குல இருந்தா, பதினஞ்சு ஸ்லைடு டெஃபினிஷன தூக்கி கடாசிடலாம்.

அப்புறம் ஒவ்வொரு முறைக்கும் மேல அது எந்த வியாதிக்கு வந்த மருந்துன்னு ஒரு வரி போடுங்க. சி.பி.எம். 1957 வாக்குல டூபான்ட் கம்பெனில, ரெமிங்டன் ராண்டோட சேந்து, கெமிக்கல் ப்ளான்ட் கட்டறதுக்கும் மராமத்துக்கும் உண்டாக்கினது, அங்க எந்த வேலைக்கு எத்தன நாள்னு ஓரளவுக்கு தெரியும். பெர்ட்ங்கற இன்னொரு ஷெட்யூல் முறை அதே சமயத்துல அமெரிக்க கடற்படையோட போலாரிஸ் ஏவுகணைக்கு வந்தது, அந்த மாதிரி ஒண்ண யாரும் முன்னாடி செஞ்சதே இல்ல, எத்தன நாள்னு யாராலயும் சொல்ல முடியாது, அதனால தான் மூணு மதிப்பீடு கேக்கறாங்க. எல்லாம் நல்லபடியா போனா 4 நாள், சாதாரணமா 6, மோசமா போனா 14னு வெச்சுக்கோங்க, நாலும் ஆறு நாலா இருபத்திநாலும் பதினாலும் கூட்டினா 42, ஆறால வகுத்தா 7 நாள். வழக்கமான பேனலுக்கு இது வேண்டாம், போன பத்து பேனலுக்கு ஆன நாளு உங்ககிட்ட கைல இருக்கு. புதுசா ஒரு மெஷினுக்கு கன்ட்ரோல் எழுதறீங்களா, அப்ப வேணும். இந்த ஒரு வரி இல்லாம வெறும் ஃபார்முலாவ மாட்டி வெச்சா, பசங்க பாத்ரூம் டைல்ஸுக்கு பெர்ட் போட்டுட்டு வந்து நிக்கறாங்க.

ஸ்டாண்டப்_சோர்வு:

மேல் மாடி ஆளுங்க சார்பா ஒண்ணு சொல்லிக்கறேன். ப்ரோ, தயவு பண்ணி ஸ்க்ரமுக்கு நீங்களா ஒரு டாக்குமென்ட் எழுதாதீங்க. ஸ்க்ரம் கைடு 2020 நவம்பர் வெர்ஷன் மொத்தமே 13 பக்கம், இலவசம், டீ குடிக்கற நேரத்துல படிச்சிடலாம். லிங்க் குடுத்துட்டு ஒதுங்கிடுங்க.

ஏன் சொல்றேன்னா எங்க பழைய கம்பெனில ஒரு ஆள் கைடுலேருந்து காப்பி அடிச்சு, எங்கள் ஸ்க்ரம் விதிகள்னு 40 பக்கம் செஞ்சு வெச்சாரு. பழைய வெர்ஷன். அதுல டெய்லி ஸ்க்ரம்ல ஒவ்வொருத்தரும் நேத்து என்ன பண்ணேன், இன்னிக்கு என்ன பண்ணுவேன், என்ன தடைன்னு மூணு கேள்விக்கு பதில் சொல்லணும். 2020ல அந்த மூணு கேள்வியையே கைடுலேருந்து எடுத்துட்டாங்க. டீம் எப்படி பேசிக்கணும்னு டீமே முடிவு பண்ணிக்கட்டும்னு விட்டாச்சு. இது தெரியாம நாங்க ரெண்டு வருஷம் வாத்தியார் முன்னாடி நிக்கற பசங்க மாதிரி வரிசையா ஒப்பிச்சோம், ஒப்பிக்கலன்னா அந்த 40 பக்கத்த காட்டி திட்டு வேற. இன்னொரு காமெடி, யூசர் ஸ்டோரி (யூசருக்கு என்ன வேணும்னு எழுதற சின்ன குறிப்பு), ஸ்டோரி பாயின்ட் (அந்த வேலை எவ்வளவு பெருசுன்னு போடற எண்) ரெண்டும் அந்த கைடுல எங்கயும் கெடையாது. யூசர் ஸ்டோரி எக்ஸ்ட்ரீம் ப்ரோக்ராமிங்ங்கற வேற சாஃப்ட்வேர் முறை பக்கத்துலேருந்து வந்தது. ஆனா ஆடிட்டுக்கு வந்தவரு ஸ்டோரி பாயின்ட் போடலன்னா ஸ்க்ரம் இல்லன்னு எழுதிட்டு போனாரு.

அதனால பழைய பி.எம்.ஓ சார் சொன்ன மூணு ஜாதி தான் கரெக்ட், எனக்கு முன்னாடியே யாராவது சொல்லியிருந்தா ரெண்டு வருஷம் மிச்சம். ஸ்டோரி பாயின்ட் வேணும்னா இது நம்ம வீட்டு வழக்கம்னு போட்டு வையுங்க, கைடு தலைல கட்டாதீங்க.

வாட்டர்ஃபால்னு (ஒரு கட்டம் முழுசா முடிச்சுட்டு தான் அடுத்த கட்டம்) ஃபோல்டர் போட்டிருந்தா அத எடுத்துடுங்க, அந்த பேர்ல யாரும் முறை எழுதி குடுக்கல. 1970ல வின்ஸ்டன் ராய்ஸ் எழுதின பேப்பர்ல தான் அந்த படம் இருக்கு, அவரு அந்த வார்த்தைய யூஸ் பண்ணவே இல்ல, படத்த போட்டுட்டு அடுத்ததா இப்படியே செஞ்சா ஆபத்துன்னு எழுதியிருக்காரு. அடுத்த பக்கத்த திருப்பாதவங்க தலைமுறை தலைமுறையா அத முறைன்னு சொல்லிட்டு இருக்காங்க.

உண்மைய சொல்லணும்னா இவ்வளவும் அடுக்கினா யாராவது படிப்பாங்களான்னு எனக்கு டவுட் தான். 612 ஃபைல் யாரும் படிக்கல, 60 ஆக்கினாலும் படிக்க மாட்டாங்க.

அட்டவணை_அக்கா:

நான் ப்ராஜெக்ட் மேனேஜர் கெடையாது, ஒரு காலேஜ் நூலகத்துல கேட்டலாகிங் பாக்கறவ. தலைப்புல அடுக்கணும்னு இருந்ததால உள்ள வந்தேன். இது உங்க தொழில் பிரச்னை மாதிரி தெரியல, எங்க தொழில்ல ரொம்ப பழைய பிரச்னை.

வாசு, நீங்க மாட்டிக்கிட்டது ஃபோல்டர்ல. ஃபோல்டர்ங்கறது அலமாரி தட்டு, ஒரு பொருள் ஒரு தட்டுல தான் இருக்க முடியும். எங்ககிட்ட டூயி முறைல (விஷயத்துக்கு ஒரு எண் குடுத்து புத்தகம் அடுக்கறது) ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் புத்தகம் 658.404ல நிக்கும், ஆனா சாஃப்ட்வேர் ப்ராஜெக்ட் பத்தி மட்டும் பேசற புத்தகம் 005 பக்கம் கம்ப்யூட்டரோட போயிடும், கட்டட வேலைன்னா 690 பக்கம் போயிடும். மூணுக்கும் நடுவுல நடந்தா கால் வலிக்கும். ஒரு எம்.பி.ஏ பையன் முதல் தட்ட மட்டும் பாத்துட்டு இவ்வளவு தானான்னு போயிடுவான். புத்தகத்துக்கு உடம்பு ஒண்ணு தான், அத அறுத்து மூணு எடத்துல வெக்க முடியாது, அதனால நாங்க கேட்டலாக்ல மூணு எடத்துலயும் ஏத்தி விடுவோம். உங்களுக்கு உடம்பே இல்ல, ஃபைல் தான். ஆனாலும் ஏன் அலமாரி மாதிரியே யோசிக்கறீங்கன்னு தான் எனக்கு புரியல.

இதுக்கு வழி சொன்னவரு நம்ம சீர்காழிக்காரர், எஸ்.ஆர். ரங்கநாதன், கணக்கு வாத்தியாரா இருந்து 1924ல சென்னைப் பல்கலைக்கழக நூலகத்துக்கு நூலகரா போனவரு. லண்டன்ல ஒரு கடைல மெக்கானோ பொம்மை செட்ட பாத்தாராம், அதே நாலு பட்டையும் நட்டும் போல்ட்டும், மாத்தி மாத்தி மாட்டினா வேற வேற பொம்மை. அட, ஒரு விஷயத்த ஒரே பெட்டில போடறதுக்கு பதிலா துண்டு துண்டா குணங்கள சொல்லி மாட்டிக்கலாமேன்னு யோசிச்சு, 1933ல கோலன் பகுப்பு முறைன்னு வெளியிட்டாரு. அந்த எண்கள் கொஞ்சம் நீளம், நம்ம ஊர்லயே பல நூலகம் டூயிக்கே போயிட்டாங்க, அது வேற விஷயம். ஆனா அந்த யோசனை தான் இன்னிக்கு நீங்க ஆன்லைன்ல சட்டை வாங்கறப்ப சைஸ், கலர், விலைன்னு பக்கவாட்டுல டிக் பண்றது.

அதனால ஷேர்பாயின்ட்ல வெக்கலாம். எல்லா ஃபைலையும் ஒரே லைப்ரரில கொட்டுங்க, ஃபோல்டரே வேண்டாம், காலம் போடுங்க. என்ன விஷயம், ரிஸ்க்கா ஷெட்யூலா செலவா மாத்தமா. என்ன ஜாதி, மேல அண்ணன் சொன்ன மூணு. எந்த முறை, இதுல ஒண்ணுக்கு மேல டிக் பண்ண விடுங்க. எப்ப வேணும். யாருக்கு வேணும். எந்த எடிஷன். உங்க ரிஸ்க் ரெஜிஸ்டர் இப்ப ஒரே ஒரு ஃபைல், விஷயம் ரிஸ்க், ஜாதி ஃபாரம், முறை எல்லாம் டிக், எப்பன்னா முதல் நாள்லேருந்து கடைசி நாள் வரை. யு.கே. டீம் பிரின்ஸ்2னு வடிகட்டினாலும் அது வரும், கீழ் மாடி ஆரம்பம்னு வடிகட்டினாலும் அதே ஃபைல் வரும், காப்பி இல்ல.

ஒரு எச்சரிக்கை. டேக்க அவங்கவங்க இஷ்டத்துக்கு டைப் பண்ண விடாதீங்க. ரிஸ்க், ரிஸ்க்ஸ், ரிஸ்க் மேனேஜ்மென்ட், இடர்னு ஆறு மாசத்துல நாலு வந்துடும், திரும்ப ஒன்பது ரெஜிஸ்டர் தான். பட்டியல்லேருந்து தேர்ந்தெடுக்கற மாதிரி பூட்டி வையுங்க. மஸ்கட் அண்ணன் சொன்ன பேர் பட்டியல் எங்க ஊர்ல 'காண்க' அட்டை. டைம் மேனேஜ்மென்ட், காண்க ஷெட்யூல். ஹின்ட்ரன்ஸ், மேலும் காண்க இஷ்யூ. அத கான்ஃப்ளூயன்ஸ்ல ஒரே நீள பக்கமா எழுதுங்க, தேடறதுக்கு அது நல்லா இருக்கும். அப்ப ரெண்டு டூலுக்கும் வேலை இருக்கு.

ஸ்டாண்டப் தம்பிக்கு: நூலகத்துல இருக்கற எல்லா புத்தகத்தையும் யாரும் படிக்கறது இல்ல. வேணுங்கறவன் வந்தா ரெண்டு நிமிஷத்துல கைல கெடைக்கணும், அவ்வளவு தான் வேலை.

ஸ்டாண்டப்_சோர்வு:

அக்கா, ஒத்துக்கறேன். சட்டை உதாரணத்துல விழுந்துட்டேன்.

வேளச்சேரி_வாசு:

அக்கா, பெரிய கும்பிடு. ரெண்டு நாளா காலம் போட்டு பாத்துட்டு இருக்கேன், மொதல்ல அதிகமா ஓடற 40 ஃபைல் மட்டும். ஒரு சின்ன சந்தேகம், ட்ரைவ்ல பிம்பாக் பி.டி.எஃப் ஒண்ணு இருக்கு, ஒவ்வொரு பக்கத்துலயும் அடில யாரோ ஒரு பழைய எம்ப்ளாயி பேர் இருக்கு. அத புது லைப்ரரில போடலாமா?

பழைய_பி.எம்.ஓ:

போடவே போடாதீங்க. பி.எம்.ஐ உறுப்பினருக்கு தனிப்பட்ட உபயோகத்துக்கு குடுக்கற காப்பி அது, பேர் அச்சாகி வர்றதே யார் கைய விட்டு போச்சுன்னு தெரியறதுக்கு தான். கம்பெனி சர்வர்ல எல்லாருக்கும் தெரியற மாதிரி வெச்சா அந்த மனுஷனுக்கும் வம்பு, உங்களுக்கும் வம்பு. அந்த எடத்துல, எந்த எடிஷன், எந்த அத்தியாயம், கம்பெனி வாங்கின அச்சு புத்தகம் எந்த ரூம் அலமாரில இருக்குன்னு ஒரு வரி போதும். நம்ம வார்த்தைல சுருக்கம் எழுதிக்கலாம், படத்தையும் அட்டவணையையும் அப்படியே ஒட்டக் கூடாது. ஸ்க்ரம் கைடு விஷயம் வேற, அது க்ரியேட்டிவ் காமன்ஸ் லைசன்ஸ், யார் எழுதினதுன்னு சொல்லி, அதே லைசன்ஸ்ல பகிரலாம், மாத்தி எழுதினா மாத்தினோம்னு சொல்லணும்.

மறந்துட்டேன், ஒவ்வொரு ஃபைலுக்கும் பொறுப்பு யாரு, அடுத்து எப்ப பாக்கணும்னு ரெண்டு காலம் சேருங்க. பொறுப்புல பி.எம்.ஓன்னு போடாதீங்க, ஆள் பேர் போடுங்க. பி.எம்.ஓன்னு போட்டா யாருமே இல்லன்னு அர்த்தம்.

அப்புறம் ஒரு வாரம் உங்க மேஜைக்கு வந்து என்ன என்ன கேக்கறாங்கன்னு ஒரு நோட்டுல அவங்க வார்த்தைலயே எழுதுங்க. மொத பக்கத்துல எது வரணும்னு அந்த நோட்டு சொல்லிடும், நாம உக்காந்து யோசிக்க வேண்டாம்.

வேளச்சேரி_வாசு:

ரெண்டு வாரம் கழிச்சு வந்திருக்கேன், என்ன ஆச்சுன்னு சொல்லிடறேன்.

சார் சொன்ன மாதிரி நோட்டு போட்டேன், ஒரு வாரத்துல 31 கேள்வி. அதுல பிம்பாக் என்ன சொல்லுதுன்னு கேட்டது ரெண்டே ரெண்டு, ரெண்டும் பரீட்சைக்கு படிக்கற அதே பொண்ணு. மிச்சமெல்லாம், க்ளையன்ட் போன்ல மாத்த சொன்னாரு எங்க எழுதணும், இந்த ஃபாரம்ல யார் கையெழுத்து, போன தடவ இதே பேனலுக்கு எத்தன நாள் ஆச்சு, ஸ்பான்சர்னா யாரு எக்ஸிக்யூடிவ்னா யாருன்னு. கடைசி கேள்விக்கு பேர் பட்டியல காட்டினேன், பிம்பாக்ல ஸ்பான்சர்ங்கற ஆளுக்கு கிட்டத்தட்ட பிரின்ஸ்2ல எக்ஸிக்யூடிவ்னு பேர்னு ஒரே வரி, ஆள் நன்றி சொல்லிட்டு போயிட்டாரு. முன்னாடின்னா நான் 20 ஸ்லைடு அனுப்பியிருப்பேன்.

மொத பக்கத்துல இப்ப முறை பேரே இல்ல, இந்த கேள்விகளையே அவங்க வார்த்தைல போட்டு கீழ லிங்க் குடுத்திருக்கேன். மேனேஜருக்கு கொஞ்சம் வருத்தம், பாக்க ப்ரொஃபஷனலா இல்லையாம். பிம்பாக், பிரின்ஸ்2, ஸ்க்ரம்னு மேல மூணு லோகோ வேணுமாம். லோகோவுக்கும் பர்மிஷன் வாங்கணும்னு சொல்லி தள்ளி வெச்சிருக்கேன். சுவத்து சார்ட்ட எடுக்க விடல, லேமினேட் பண்ணின காசு போச்சுங்கறாரு, அதனால ஓரத்துல நாலாவது எடிஷன் 2008னு மார்க்கர்ல எழுதிட்டேன்.

இன்னொரு விஷயம். அந்த 'பேக்கப் தொடாதே' ஃபோல்டர தொட்டேன். உள்ள டெம்ப்ளேட் எதுவும் இல்ல, ஒரே ஒரு எக்செல். ஆறு வருஷமா போன ஒவ்வொரு பேனல் வேலைக்கும் சொன்ன தேதி, போன தேதி, எத்தன நாள் லேட், எதனாலன்னு அந்த மனுஷன் ஒவ்வொரு வரியா எழுதி வெச்சிருக்காரு. காரணத்துல பாதிக்கு மேல ஒண்ணே தான், க்ளையன்ட் ட்ராயிங் அப்ரூவல் வரல. நாங்க அன்னிக்கு இருபது நிமிஷம் 42ஆ 49ஆன்னு பேசினோமே, அந்த மீட்டிங்குக்கு வேண்டியிருந்தது இது தான். இத யாருமே தொறந்து பாக்கல, நான் சேர்ந்தப்ப என்கிட்டயும் தொடாதேன்னு தான் சொன்னாங்க.

அக்கா, இதுக்கு விஷயம்ங்கற காலத்துல என்ன போடறது? ஷெட்யூல்னா ஷெட்யூல், இஷ்யூன்னா இஷ்யூ, அடுத்த வேலைக்கு மதிப்பீடு போடறவனுக்கும் வேணும்.

அட்டவணை_அக்கா:

மூணையும் டிக் பண்ணுங்க, அதுக்கு தானே காலம். ஜாதில மட்டும் நாலாவதா ஒண்ணு சேக்கணும் போல, நடந்தது. அதையும் பட்டியல்ல பூட்டிடுங்க.

மஸ்கட்_ப்ளானர்:

அந்த எக்செல்ல க்ளையன்ட் பேர் எல்லாம் எடுத்துட்டு காலம் தலைப்பு மட்டும் இங்க போட முடியுமா வாசு? அப்ரூவலுக்கு அனுப்பின தேதி தனி காலமா வெச்சிருக்காரான்னு பாக்கணும். அது இருந்தா உங்ககிட்ட இருக்கறது கிட்டத்தட்ட ஹின்ட்ரன்ஸ் ரெஜிஸ்டர், கையெழுத்து தான் பாக்கி.